வெள்ளைப் பூவுக்குப் பெய்த மழை

பூசாரி திருமலைசாமி வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து, நூல் சுற்றி, இரண்டையும் அம்மன் காலடியில் உருட்டிவிட்டுத் திரும்பினார்.

"என்ன காரியமுங்க தம்பி?"

"ஒரு முடிவுங்க," என்றான் மோகன்குமார். அதற்கு மேல் வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வயதில், பம்பு கம்பெனி எஞ்சினியர் ஒருவன் வீடியோ கேமுக்குப் பூக் கேட்க வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வான்?

அணுகுண்டு விழுந்து உலகமே பாழான பிறகு நடக்கும் விளையாட்டு அது. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ஆடி, அந்தப் பொட்டல்காட்டில் ஓர் ஊரையே கட்டி வைத்திருந்தான். ரசிகர்கள் தாங்களாகச் செய்து சும்மா கொடுக்கும் சேர்மானத்துக்கு மோட் என்று பெயர். ஒரு மோட் போட்டால் அங்கே மழை பெய்யும், புல் முளைக்கும். இன்னொன்று போட்டால் புதுத் துப்பாக்கிகள், புதுச் சண்டைகள். இரண்டையும் போட்டால் ஊர் அழிந்துவிடும். மழையா துப்பாக்கியா என்று மூன்று வாரமாகச் சோற்றுத் தட்டின் முன்னால்கூடப் புலம்பினான். மிக்ஸி வாங்கவே எட்டு மாதம் எடுத்துக்கொண்ட மனிதன். வெள்ளை வந்தால் மழை, சிவப்பு வந்தால் துப்பாக்கி என்று இப்போது அம்மனிடம் மனசுக்குள் பேசி முடித்துக்கொண்டான்.

அதே மூன்று வாரமாக மனைவி நந்திதாவின் விஷயமும் கிடப்பில் இருந்தது. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அங்கே அம்மா வீட்டில் தங்க வேண்டும். நாளைக்குப் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவள் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்றே சொல்லி வந்தான்.

"அம்மணி, நீங்களே ஒண்ண எடுங்க," என்றார் பூசாரி, அவன் பக்கத்தில் நின்ற நந்திதாவிடம்.

அவள் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். விளையாட்டுக்குப் பூ எடுக்க யார் இப்படி வேண்டிக்கொள்வார்கள்? கோபி வேலைக்குத்தான் பூக் கேட்பதாக அவள் நினைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெள்ளை வந்தால் அம்மன் சரி சொன்னதாக ஊர் வழக்கம். அவள் பிரித்தாள். வெள்ளை.

"எனக்காகப் பூக் கேக்கற அளவுக்கு ரோசன பண்ணியிருக்கீங்க. நான்தான் உங்களத் தப்பா நெனச்சுப்போட்டேனுங்க." அவள் கண் நிறைந்துவிட்டது.

மோகன்குமாருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், "பின்னே?" என்றான். அம்மன் முன்னாலேயே.

துடியலூர் வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். மத்தியானம் அவன் அறைக்குள் மழை மோட்டைப் போட்டான். அம்மன் அவனுக்கும்தானே சொன்னாள்? திரை இருண்டது. ஸ்பீக்கரில் இடி, சடசடவென்று மழை. மூன்று வருடமாகக் காய்ந்த காட்டில் முதல் மழை. சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தான்.

"ஐயோ, துணி!" என்று நந்திதா மாடிப்படி ஏறி ஓடும் சத்தம் கேட்டது.

வெயிலில் சிவந்த முகமும் கை கொள்ளாத புடவைகளுமாக வந்து வாசலில் நின்றாள். எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தன. அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் பூக் கேட்டீங்களா?"

ஒரு பொய் யோசிக்கலாம். அதற்கும் எட்டு மாதம் ஆகும். "ஆமா," என்றான்.

அவள் உள்ளே வந்து அவன் எதிரே நின்றாள்.

"பூ எடுத்தது என்ற கைங்க. நான் கேட்டதுக்குத்தான் வெள்ள வந்துச்சு." புடவைகளை அப்படியே அவன் மடியில் போட்டாள். "காலைல ஆறு மணி பஸ்ஸு. எல்லாத்தையும் மடிச்சு வையுங்க. நாளைக்கு நான் கட்டறதுக்கு ஒண்ண நீங்களே எடுத்து மேல வையுங்க."

அவள் போய் வெகு நேரமாகியும், ஒரு கையில் பச்சைப் புடவையும் மறு கையில் நீலப் புடவையுமாக மோகன்குமார் நின்றுகொண்டிருந்தான். திரையில் மழை விடவே இல்லை.