பேனுக்குப் போட்ட மொட்டை

இட்லித் தட்டின் ஓரத்தில் ஒரு பேன் ஊர்ந்துகொண்டிருந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டு நகர முடியாமல் நகர்கிற, கொழுத்த கறுப்புப் பேன். சட்னியைத் தொட அதற்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். புவனேஸ்வரி பார்த்துவிட்டாள். தட்டை இட்லியோடு தூக்கிப் போய்க் குழாயடியில் கவிழ்த்தாள்.

தட்டு அவள் மகள் அறிவுச்செல்வியுடையது. நாலாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளைக்குப் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். அதற்காகவே ஆண்டு விழாக் கும்மியில் டீச்சர் அவளை முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார்.

"எல்லாம் அந்த மில்லுக்காரி மககிட்டருந்து வந்ததுதான்" என்றாள் புவனேஸ்வரி.

மில்லுக்காரி மகள் என்றால் கௌசல்யா. பள்ளியில் அறிவுச்செல்விக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அம்மா வேடசந்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். பஞ்சும் தூசியுமாக வருகிறவள் வீட்டில் பேன் இல்லாமல் வேறென்ன இருக்கும்? அழுக்கில்தான் பேன் பிறக்கும், பிறந்தது பெஞ்சுக்குப் பெஞ்சு தாவும் என்று புவனேஸ்வரி சத்தியம் பண்ணாத குறையாக நம்பினாள். பாவம், பேனுக்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால் நடந்துதான் ஏறும். குளித்த தலையா குளிக்காத தலையா என்று முகர்ந்து பார்த்து ஏறுவதுமில்லை.

"கௌசல்யா தலையில ஒண்ணுமே இல்லம்மா. நாந்தான ரிப்பன் கட்டிவிட்டேன், பாத்தேன்" என்றாள் பிள்ளை.

"நீ பாத்துக் கிழிச்ச!"

மறுநாளே பள்ளிக்குப் போய் டீச்சரிடம் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். கௌசல்யா பையைத் தூக்கிக்கொண்டு, தலை நிமிராமல் கடைசி பெஞ்சுக்குப் போனாள். தனியாக. அவள் தாண்டிப் போகும்போது புவனேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. வேப்பெண்ணெய், கற்பூரம் என்று பூசிப் பூசி, வாசற்படியிலேயே குமட்டியது. ஒருநாள் மண்ணெண்ணெய் கேனோடு வந்து நின்றாள். அவள் புருஷன் முத்துக்கிருஷ்ணன் அதைப் பிடுங்கினான்.

"அடுப்புப் பக்கம் போனா புள்ள பத்திக்கிட்டு எரியும்டி! மருந்துக் கடையில கேட்டு வாங்கியாந்திருக்கேன், இந்தா. வீட்ல எல்லாத் தலையையும் பாத்துரணுமாம். ஈரு பொரிச்சு வரும், மறுவாரமும் போடணுமாம்."

"எந்தலையையுமா? வெள்ளிக்கெழம தவறாம சீயக்கா போட்டுக் குளிக்கிறவ நான்! எனக்கு இருக்கிறது பொடுகு. சூட்டுல அரிக்குது."

மருந்து மகள் தலையோடு நின்றது, அதுவும் ஒரே தடவை. ராத்திரி தாயும் மகளும் எப்போதும் போல ஒரே தலையணையில் தலை முட்டப் படுத்துச் செல்போனில் படம் பார்த்தார்கள். சில நாளில் எல்லாம் திரும்பி வந்தது. மகளின் காதோரம், ரவையை ஒட்டவைத்தாற்போல் ஈர்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில் உப்புமாவே கிண்டவில்லை.

"மொட்டைதான்" என்றாள் புவனேஸ்வரி. "பழனியில போட்ருவோம். கேக்குறவுகளுக்கு, டைபாய்டு வந்தப்ப முருகனுக்கு வேண்டிக்கிட்டோம்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு எப்பம்மா டைபாய்டு வந்துச்சு? கும்மி இருக்கும்மா. ஆண்டு விழா முடியட்டும்மா."

"வாய மூடு. வேண்டுதல்னா வேண்டுதல்தான்."

பழனி முடிக்கொட்டகையில் பிள்ளை குனிந்து உட்கார்ந்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். முடி கற்றை கற்றையாக விழ ஆரம்பித்ததும் புவனேஸ்வரி, சேலையில் பட்டுவிடப் போகிறதென்று விரலை உருவிக்கொண்டு தள்ளி நின்றாள். அவ்வளவு அருவருப்பு. பின்னல் மடியில் விழுந்தபோது அறிவுச்செல்வி சத்தமில்லாமல் அழுதாள்.

திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில் நெரிசல். மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் மகள், நடுவில் புவனேஸ்வரி, இந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மாள். சந்தனம் பூசிய மொட்டையை அந்த அம்மாள் பரிவோடு பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளைக்கு அம்புட்டு முடியையும் எறக்கிட்டீகளே தாயி, என்ன வேண்டுதல்?"

புவனேஸ்வரி டைபாய்டில் ஆரம்பித்து, பிள்ளை பிழைக்காது என்று கைவிட்டது வரைக்கும் போனாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கியது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புவனேஸ்வரி பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து அவள் கையில் கொஞ்சம் வைத்தாள்.

அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த அறிவுச்செல்வி அசையாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கொண்டை மல்லிகையிலிருந்து ஒன்று இறங்கிக் கழுத்து வழியே நடந்து வந்தது. இத்தனை நாளில் பிள்ளைக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. இரண்டு விரலால் லாகவமாக எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

கறுப்பு. கொழுத்தது. உயிரோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்று கேட்டாள் பிள்ளை, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "நீ எப்பம்மா முருகனுக்கு வேண்டிக்கப்போற?"

புவனேஸ்வரியின் தலை முழுக்க ஒரே நேரத்தில் அரித்தது. சொறியக் கை எழவில்லை.

அந்த அம்மாள் தன் கையிலிருந்த பஞ்சாமிர்தத்தைப் பார்த்தாள், புவனேஸ்வரியின் கையைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, கால் வைக்க இடமில்லாத கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள். ஒட்டன்சத்திரத்தில் இன்னும் கூட்டம் ஏறியது. அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.