ஆம்பளை கியர்

சிம்பாங் ரெங்கத்தில், அய்யாவு வீட்டு முகப்பில், தார்ப்பாய்க்கு அடியில் துருவேறிக் கிடந்த டட்சன் பிக்கப்பை மீட்டே தீரவேண்டுமென்று அந்தக் குடும்பத்து ஆண்கள் பொங்கல்தோறும் முழங்கினார்கள். முழக்கத்தால் துரு உதிருமென்றால் அந்த வண்டி எப்போதோ கண்ணைப் பறித்திருக்கும். வாய்கள் வந்தன, கைகள் வரவில்லை. கடைசியில் கைகளோடு வந்தவள், அய்யாவுவின் காலஞ்சென்ற தம்பி மகள் வாசுகி.

குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள் அவள். விடுமுறை கிடைத்த போதெல்லாம் பெரியப்பா வீட்டுக்கு வந்து, அரித்துப்போன தரைத்தகட்டை அறுத்தெறிந்து புதிதாக வெல்டு வைத்தாள். பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடைகளில் அலைந்து தேடி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தினாள். ஆள்நடை வேகத்தில் ஊர்ந்தால் என்ஜின் கொதித்துவிடும் என்பதால் ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தாள்.

ஊர்ந்து செல்லப்போவது எங்கே? மாரியம்மன் திருவிழாவில். உற்சவ அம்மனை ஊர்வலமாகச் சுமந்து செல்வது அந்த வண்டிக்குப் பரம்பரை உரிமை. வண்டி படுத்த பிறகு கோயில் வாடகை லோரியை நாடியது. இவ்வாண்டு அம்மன் மறுபடியும் பிக்கப்பில் ஏறுவாள். அன்று ஸ்டியரிங்கில் தன் கை இருக்கவேண்டும். வாசுகியின் ஆசை அவ்வளவே.

கோயில் தலைவரும் அய்யாவுதான். ஆசையைக் கேட்டதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"வண்டிய நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா. ஆனா அம்மன் வண்டிய பொம்பளைங்க ஓட்டுற வழக்கமில்ல. எம்மகன் ரூபன் ஓட்டுவான்."

"ஏறிப் போறதே ஒரு பொம்பளதானே, பெரியப்பா?"

"அது சாமி!"

பீடத்தில் நிற்பவள் பெண்ணாக இருக்கலாம்; பிடித்து ஓட்டுபவள் மட்டும் பெண்ணாக இருக்கக்கூடாது! இந்த நீதி எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்று வாசுகி கேட்கவில்லை. கேட்டால், ஏடு இல்லாத குறையைப் பெரியப்பா தம் குரலால் நிரப்பிவிடுவார்.

அந்த வாரமே அய்யாவுவின் மகன் ரூபேந்திரன் ஜொகூர் பாருவிலிருந்து ஓடோடி வந்தான். வாசுகியை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"அக்கா, ஒரே ஒரு உதவி லா. இத ஆட்டோ கியரா மாத்திடேன்."

"ஏன்டா, இருக்கிற கியருக்கு என்னா?"

"கியருக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான். என்னோடது ஆட்டோ லைசென்ஸ், கிளட்ச் இல்லாத வண்டி மட்டுந்தான் ஓட்டலாம். மேனுவல் டெஸ்ட்ல மேட்டுல நிறுத்தச் சொன்னாங்க, வண்டி பின்னால உருண்டு ஒரு கம்பத்தையே சாச்சிருச்சு. அப்பாவுக்குத் தெரியாது."

"அலமாக்! சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, திருவிழாவுக்குக் கெடா வேணாம், இவனையே வெட்டிடலாம்னுவாரு."

வாசுகிக்குச் சிரிப்பு வந்தது. மாற்றித்தர அவளால் முடியும். பொருத்தமான கியர்பெட்டி எந்தக் கடையில் கிடக்கிறதென்றுகூடத் தெரியும். ஆனால் அதை மாட்டிய மறுகணம் ஸ்டியரிங் அவள் கையைவிட்டுப் போய்விடும்.

"குடும்பத்து வண்டிடா. பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்காம செய்யலாமா?" என்றாள் பதவிசாக.

கேட்டாள். ஆனால் கேட்பதற்கு அவள் தேர்ந்தெடுத்த வேளை இருக்கிறதே, அதில்தான் இருந்தது அவள் குறும்பு. கோயில் நிர்வாகக் குழு முழுவதும் முகப்பில் அமர்ந்து பகோடா தின்றுகொண்டிருந்தது.

"பெரியப்பா, இந்தக் கியரக் கழட்டிட்டு ஆட்டோ போட்டுடலாமா? ஓட்டுற ஆம்பளைங்களுக்குச் சிரமம் இருக்காது."

அய்யாவு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆட்டோவா? அது பொம்பளைங்க பாசாருக்கு மீன் வாங்கப் போற வண்டி! ஆம்பளைன்னா கிளட்ச் வேணும், கியர் வேணும். நான் தலைவரா இருக்கிற வரைக்கும் இந்தக் கியர்ல எவனும் கை வைக்கக் கூடாது!"

"அப்படிப் போடுங்க, தலைவரே!" என்று கைதட்டினார் பொருளாளர் சபாபதி. குழுவும் சேர்ந்து தட்டியது.

"நீங்க சொன்னா சரிதான், பெரியப்பா" என்று வாசுகி தலைகுனிந்தாள். குனிந்த முகத்தில் என்ன இருந்தது என்பதை வாசலருகே நின்ற ரூபேந்திரன் மட்டுமே பார்த்தான். அவன் வாயிலிருந்த பகோடா இறங்க மறுத்தது.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு வெள்ளோட்டம். அம்மன் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அய்யாவுவே ஏறி அமர்ந்தார். கையில் ஒரு கிளாஸ் தேநீர்.

"அம்மனுக்குக் குலுங்குதான்னு நானே பாக்கிறேன். எடுடா, ரூபா!"

ரூபேந்திரன் கதவைத் திறந்தான், மூடினான்.

"அப்பா... என் லைசென்ஸ்ல இத ஓட்ட முடியாது. ஆட்டோ மட்டுந்தான்."

ஆண்குலத்தின் மானத்தைக் காக்கச் சபாபதி முன்வந்தார். "விடுங்க, தலைவரே. நான் ரப்பர் லோரியே ஓட்டுனவன்." ஸ்டியரிங்கின் கழுத்தோரம் நீண்டிருந்த கியரை இழுத்தார், கிளட்சை விட்டார். வண்டி ஆட்டுக்கிடா போலத் துள்ளியது. தேநீர் தலைவரின் வெள்ளைச் சட்டைக்கு இடம்பெயர்ந்தது. மறுபடியும் துள்ளியது, நாற்காலியோடு தலைவரும் வழுக்கி விளிம்புக்கு வந்தார்.

"யோவ், அம்மன் விழுந்துருவா! எறங்குய்யா!"

"முட்டி வலி, தலைவரே. கிளட்ச பாதியில புடிக்க முடியல."

"வேற யாரு?"

குழுவினர் வானத்தை ஆராய்ந்தார்கள், செருப்பை ஆராய்ந்தார்கள்.

"ஏன்யா, உங்க எல்லாருக்கும் ஆட்டோ லைசென்ஸா?"

ஆட்டோ என்றால் பெண்கள் வண்டி என்றதும் அன்று கைதட்டிய கைகள் இன்று பைக்குள் கிடந்தன. வாசுகி யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். பிக்கப் புறப்பட்டதே தெரியவில்லை. வீட்டு வாசல்தான் மெல்ல விலகியது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருந்த அய்யாவு, முதல் முனை திரும்பியதும் ஒரு கையை விட்டார். இரண்டாவதில் கால்மேல் கால் போட்டார்.

கோப்பிக்கடை முன்னால் சனம் திரண்டு வேடிக்கை பார்த்தது.

"தலைவரே! ஜோராப் போகுதே, யாரு ஓட்டுறது?"

"எல்லாம் அம்மன் செயல்!" என்றார் அய்யாவு.

வண்டி நின்றது. நடுச்சாலையில்.

"என்னம்மா, நிறுத்திட்ட?"

வாசுகி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "அம்மன் அடுத்த வாரம்தான் வராங்க, பெரியப்பா. இப்ப ஓட்டுறது யாருன்னு கேக்குறாங்க."

"எல்லாரும் பாக்கிறாங்க, எடு!"

"அதான், எல்லாரும் பாக்கிறப்பவே சொல்லிடுங்க."

பின்னால் ஒரு செம்பனை லோரி ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அய்யாவு எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், மேடைக்குரலை வரவழைத்தார்.

"என் தம்பி மக வாசுகி ஓட்டுறா! திருவிழாவுக்கும் அவதான்! யாருக்காச்சும் ஆட்சேபன இருக்கா?"

கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வெள்ளையம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத்தானேய்யா இருந்திச்சு?"

வாசுகி ஆம்பளை கியரை ஒன்றில் போட்டு வண்டியை எடுத்தாள்.