பினாங்குத் தண்ணீர்

"அத்தா எப்ப வருவாங்கன்னு போன்ல கேளு. நீ கேக்கலைன்னா நான் கேக்கறேன்."

ஹஃப்ஸா இப்படிச் சொன்னதும் அவள் அம்மா நூர்ஜஹான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் கை நழுவி முறத்தில் விழுந்தது. சம்பாதிக்க வெளிநாடு போனவரைக் கூத்தாநல்லூரில் சபராளி என்பார்கள். சபராளியிடம் சென்ட் கேட்கலாம், டேப்ரிக்கார்டர் கேட்கலாம், எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கே அவருக்கு வேலையில் மனசு தரிக்காதாம். பேச்சு வரும்போதே பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைத்துவிடுவார்கள். பினாங்குக்குப் போன தன் அப்பாவிடம் ஹஃப்ஸாவும் இதுநாள்வரை கேட்டதில்லை.

"நாக்கை அடக்குடி."

"அடக்கி அடக்கித்தானே எம்.எஸ்சி. வரைக்கும் வந்திருக்கேன்."

நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சேக் தாவூது மாமா, நூர்ஜஹானுக்கு அண்ணன், தலையைத் தூக்கினார். "நம்ம வீட்டுல யாரும் காலேஜ் வாசல் மிதிச்சதில்லை. இதை அனுப்பினா வாய் நீளும்னு அன்னைக்கே சொன்னேன்."

"உங்களுக்குப் படிக்காமலே நீண்டிருக்கு, மாமா."

சண்டைக்கு மூலம் அந்தமான். மன்னார்குடியில் அவளுக்குப் பாடம் எடுக்கும் தியாகேசன் சார், அந்தமான் தீவுகளின் குளம் குட்டைகளில் பாசி சேகரிக்கும் குழுவில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். அத்தாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் நூர்ஜஹான். நேற்று பதிலும் வந்துவிட்டது: 'அத்தா வேணாம்னுட்டாங்க.' போன் வந்தபோது ஹஃப்ஸா காலேஜில் இருந்தாளாம். இரண்டு வருஷமாக அத்தாவின் போன் அவள் காலேஜில் இருக்கும்போது மட்டும்தான் வருகிறது.

அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மலாய் எழுத்துப் போட்ட சர்பத் பாட்டில். உள்ளே இளம்பச்சைத் தண்ணீர்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"அத்தா குடுத்து விட்டதுதானே. பினாங்கு மலை ஓடைத் தண்ணி."

ஹஃப்ஸாவின் ஆராய்ச்சியே அதுதான். நிலத்துக் குளங்களில் எந்தப் பாசிகள் கூடி வாழ்கின்றன, தீவுத் தண்ணீரில் எவை. தியாகேசன் சார் சொல்வார்: "நம்ம பக்கம் ஆறு, வாய்க்கால், குளம் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எல்லாப் பாசியும் எல்லா இடத்துக்கும் வந்துடும். தண்ணியோட குணத்துக்கு ஒத்துவர்றது தங்கும், மத்தது போயிடும். தீவு அப்படி இல்லம்மா. கடல் தாண்டணும். கொக்கு கால்ல ஒட்டிக்கிட்டோ, காத்துல தூசியாவோ ஏதோ ஒண்ணு ரெண்டு போய்ச் சேரும். முதல்ல போனது இடத்தைப் பிடிச்சிக்கும். அப்புறம் வர்றது ஒண்டத்தான் செய்யும்."

அந்தப் பாட்டில் வந்த அன்று ஹஃப்ஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தா தன் படிப்புக்காக மலை ஏறியிருக்கிறார், ஓடையில் குனிந்திருக்கிறார். வகுப்பில் எல்லோரிடமும் சொன்னாள்.

"இன்னைக்குக் காலையில மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன்" என்றாள். "ஒரு பாசி இருக்கும்மா. ஒரே செல்லுதான். ஆனா நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, ரெண்டும் அச்சு அசலா இருக்கும். நம்ம மேலத்தெருக் குளத்துல மட்டும் ஒரு பாதி சூம்பிப் போயிருக்கும். நெல்லு அவிச்ச மில்லுத் தண்ணி விழுதே, அதனாலயா இருக்கும்னு சார் சொல்றாரு. இந்த வருஷம் ஆத்துல தண்ணியே வரலை. வாய்க்கால் காஞ்சு ஒவ்வொரு குளமும் தனித் தீவா கெடக்கு. அந்தச் சூம்பல் மேலத்தெருவைத் தாண்டி வேற எந்தக் குளத்துக்கும் போகலை. நான் அத்தனை குளத்துலயும் இறங்கிப் பாத்துட்டேன்."

பாட்டிலை விரலால் தட்டினாள். "அது இந்தப் பாட்டில்ல இருக்கு."

மாமா பேப்பரை மடித்தார். "ரெண்டு ஊர்லயும் இருக்கக் கூடாதா?"

"சூம்பல் மட்டும் இல்லை மாமா. கூட்டத்தோட இருக்கு. மேலத்தெருக் குளத்துல இருக்கற அத்தனையும் இருக்கு. வேற ஒண்ணுகூட இல்லை."

நூர்ஜஹான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"துவைக்கிற படியில நின்னு புடிச்சேன்" என்றாள். "வெள்ளைத் துணியில வடிகட்டினேன். தூசி தும்பு இருந்தா உன் சார் அத்தாவைக் குறைவா நினைப்பாரேன்னு. பாசி எந்த ஊர்லயும் பச்சையாத்தானே இருக்கும்? உள்ள ஊரு பேரு எழுதியிருக்கும்னு எனக்கு என்னடி தெரியும்?"

ஹஃப்ஸா பாட்டிலை நகர்த்திவிட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தா உசுரோட இருக்காங்களா?"

"இருக்கான், இருக்கான்" என்றார் மாமா. "நல்லாத்தான் இருக்கான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டு ஒரு புள்ளையும் இருக்கு. போன வருஷம் பினாங்கு போனப்ப நான் கண்ணால பாத்தேன். உன் பேரைச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கடைக்குள்ள போயிட்டான்."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"அப்ப போன்?"

"எந்த போன்?" என்றாள் நூர்ஜஹான். "ரெண்டு வருஷமா எந்த போன் வந்துச்சு?"

"எனக்கு எம்.எஸ்சி. சேர அனுமதி குடுத்தது?"

"நான்தான்."

"ஹாஸ்டல் வேணாம், பஸ்ஸுல போய் வரட்டும்னது?"

"நான்தான்."

"அந்தமான் வேணாம்னது?"

"நான்தாண்டி. நான் வேணாம்னா நீ கேப்பியா? ஆறாங்கிளாஸ் படிச்சவ பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கே? அத்தா சொன்னாங்கன்னா மட்டும் வாயை மூடுவே. அதான் அவர் வாயை நான் வெச்சுக்கிட்டேன்."

ஹஃப்ஸாவுக்கு அத்தா மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரம் அம்மா மேல் வந்தது, பிறகு தன் மேலேயே திரும்பியது. அம்மா சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மாமா குரலைத் தாழ்த்தினார். "வெளியில மூச்சு விடாதே. ஊருக்குத் தெரிஞ்சா உனக்கு மாப்பிள்ளை அமையாது. இதைப் பினாங்குத் தண்ணின்னே எழுதிக் குடுத்துடு. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

எழுந்தாள். "சார்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். தீவுத் தண்ணிப் பாதி ஆராய்ச்சி போச்சு, நிலத்துக் குளத்தை மட்டும் எழுதுன்னாரு. அந்தமானுக்கும் காலையிலயே கையெழுத்துப் போட்டாச்சு. அத்தா எப்ப வருவாங்கங்கற ஒரே ஒரு கேள்விக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அதுக்கும் இனி பதில் வேணாம்."

ஒரு பையில் துணி, இன்னொன்றில் காலிப் பாட்டில்கள். இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்தாள். நூர்ஜஹான் வெங்காயக் கையோடு பின்னாலேயே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஒருமுறை பிரிந்தது.

ஹஃப்ஸா குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். மாட்டினதைக் கழற்றி மறுபடி மாட்டினாள். எப்ப வருவே என்று அம்மா கேட்கட்டும் என்றுதான்.

நூர்ஜஹான் கேட்கவில்லை. சபராளியிடம் அதைக் கேட்கக் கூடாது.

ஹஃப்ஸா பைகளைத் தூக்கிக்கொண்டு மேலத்தெரு வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.