மாத்திரைப் பொண்ணு தங்கின நாலு நாள்

என் விடுதியில அஞ்சே அஞ்சு ரூம். தங்கிட்டுப் போறவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க, "சொந்த வீட்டுல இருந்த மாதிரியே இருந்ததுக்கா." பீத்திக்கிறேன்னு நினைக்காதீங்க, பதினெட்டு வருஷமா கேக்குறேன். தலையணை உறையைக்கூட நானே துவைச்சு நானே இஸ்திரி போடுறவ. யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு ரெண்டு போர்வை வேணும், எல்லாம் அத்துப்படி.

அப்படிப்பட்ட என் மூஞ்சிக்கு நேரா, வந்த மறுநாளே ஒருத்தி பெட்டியோட கிளம்பி நின்னா.

மருந்துக்கடையில வேலை. மாத்திரைப் பொண்ணுன்னு மனசுக்குள்ள பேர் வச்சிருந்தேன். பத்து வருஷமா அடுத்தவங்க கையெழுத்துல மருந்து எடுத்துக் கொடுக்குறா. மருந்தாளுநர் பரீட்சை பாஸாயிட்டா இவளே கையெழுத்துப் போடலாம், தனியா கடை வைக்கலாம். மூணு தடவைக்கு மேல எழுத விட மாட்டாங்களாம். ரெண்டைக் கோட்டை விட்டாச்சு, இது கடைசி. நாலு நாள் இருந்து படிச்சுட்டு, அஞ்சாம் நாள் காலையில பரீட்சைக்குப் போறதுக்குத்தான் மாடி ரூமை எடுத்திருந்தா.

"என்னம்மா குறை?"ன்னு கேட்டேன்.

"குறையே இல்லைக்கா. அப்படியே எங்க வீடு மாதிரி இருக்கு. அதுதான் பிரச்சனை."

"என்னது?"

"எட்டு மணிக்குக் காபி கொண்டு வந்தீங்க. எட்டரைக்கு டம்ளர் எடுக்க வந்தீங்க. ஒன்பதுக்குத் தைலம் வேணுமான்னு கேட்டீங்க. பத்துக்கு ஜன்னலைத் திறந்து விட்டீங்க. ஒரு பாடம் முடியலை. வீட்டுலயும் இதேதான்க்கா. ஜடை போடு, சாவி எங்கே, சட்டை எங்கே. ரெண்டு தடவையும் அப்படித்தான் போச்சு. யாரும் கூப்பிடாத ஒரு ரூம் கிடைச்சாப் போதும்."

சுருக்குன்னு இருந்தது. கோவமும் வந்தது, பொய் சொல்வானேன். என் வீட்டுக்காரர் மேஜையைத் துடைச்சுக்கிட்டே, "நீ வாயைக் கட்டினாத் தீர்ந்தது. உன்னால முடியாது"ன்னு சிரிச்சார். போதாதா எனக்கு!

"பெட்டியை மேல கொண்டு போம்மா. சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய ஸ்டூல்ல வைப்பேன். எடுத்தா எடு, ஆறினா ஆறட்டும். ஈ காக்கா மேல வராது, நான் பொறுப்பு."

சொல்றது சுலபம். அன்னிக்கு ராத்திரி வச்ச தட்டு அப்படியே இருந்தது. கதவைத் தட்டக் கை துறுதுறுன்னுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இறங்கி வந்தேன்.

மூணாம் நாள் மத்தியானம் அவளோட புருஷன் வந்து நின்னார். இடுப்புல நாலு வயசுப் பொண்ணு.

"ரெண்டே நிமிஷம்க்கா. அம்மா வேணும்னு ஒரே அழுகை."

"பரீட்சை முடியட்டுங்க."

"அவ என் பொண்டாட்டி!"

"இருக்கட்டும். மாடி என்னோடது."

குழந்தை வீல்னு கத்துச்சு. மேல கதவு திறந்தது. அவ படியில வந்து நின்னா. இறங்கினா பரீட்சை போச்சு. ஏறிப் போன்னு சொல்லலாம்னா, குழந்தையோட முகத்தைப் பார்த்துட்டு எனக்கே வாய் வரலை.

இறங்கி வந்தா. குழந்தையை வாரி எடுத்து, மூக்கைத் துடைச்சு முத்தம் கொடுத்தா. அப்புறம் அவர் கையிலயே திருப்பிக் கொடுத்தா. "தோள்ல போட்டு நடங்க, தூங்கிடுவா. நாளன்னிக்கு மத்தியானம் வரேன்." மடமடன்னு ஏறிட்டா.

மனுஷன் திருதிருன்னு முழிச்சார். "தூங்க வைக்கிறதெல்லாம் அவதாங்க. எனக்குப் பழக்கமில்லை."

"பழகிக்கோங்க. கூடம் நீளமாத்தான் இருக்கு."

சாப்பாட்டு மேஜைக்கும் வாசலுக்குமா முக்கால் மணி நேரம் நடந்தார். சட்டையெல்லாம் மூக்குச்சளி. கடைசியில அது தூங்கிப் போச்சு. அவர் குரலைத் தணிச்சு, "பின்னால ரூம் ஏதாவது காலியா இருக்காக்கா? பகல்ல இவளைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நாங்க இருக்கோம்னு மட்டும் அவகிட்டச் சொல்லிடாதீங்க. இறங்கி இறங்கி வருவா"ன்னார்.

எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடிச்சுப் போச்சு.

பரீட்சை அன்னிக்குக் காலையில அவ ஹால் டிக்கெட்டோட இறங்கினா. பின் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. அப்பாவும் பொண்ணும் ஒரே போர்வைக்குள்ள. அவ அப்படியே நின்னுட்டா. "இவங்க எப்பக்கா..."

"எல்லாம் அப்புறம் சொல்றேன். பஸ் போயிடும், கிளம்பு."

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கதவைச் சத்தமில்லாம சாத்திட்டுப் போனா.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு மத்தியானம் போன் வந்தது. "பாஸ்க்கா!" குசுகுசுன்னு சொன்னா. நான் பெத்த பொண்ணு ஜெயிச்ச மாதிரி கத்திட்டேன். "முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்"னா.

"அடிப்பாவி, புருஷன்கிட்டச் சொல்லலையா?"

"அவர் குழந்தையைத் தூங்க வச்சுட்டிருக்கார்க்கா. நடுவுல கூப்பிட்டா அவருக்குக் கோவம் வரும்."