அம்மா காருக்குப் பழைய டயர்

வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து, காட்சிக்கு வைத்திருந்த புது டயரின் மேல் சித்தீக் ஒட்டியபோதுதான் ஆஷிகாவுக்கு முதன்முதலாக அருவருப்பு வந்தது. குப்பைத் தொட்டி அவன் காலடியிலேயே இருந்தது. கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான். அந்த முதுகு அந்த அளவுக்குக்கூட வளையாது போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தபோது இதே ஆள் எவ்வளவு பதவிசாக உட்கார்ந்திருந்தான்! பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. வட்டிலாப்பத்தை இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டான். "கொடுக்கல் வாங்கல் பேச்சே வேணாம் மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லி அவளுடைய அத்தா அப்துல் மஜீதை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டான். நன்னிலத்தில் பெரிய வீடு, சிங்கப்பூரில் சம்பாதித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிய தகப்பனார், ஒரே பிள்ளை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பதில் சொல்வதாகப் பேச்சு. இன்று புதன். சம்மதம் என்று சொல்லிவிடலாம் என்று ஆஷிகாவும் முக்கால்வாசி முடிவெடுத்திருந்தாள். அந்த முக்கால்வாசியை நினைத்தால் இப்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தஞ்சாவூரில் நாகை ரோட்டின் மேலேயே இருக்கிறது அப்துல் மஜீதின் டயர் கடை. பஞ்சர் ஒட்டத் தொடங்கி, அலைன்மென்ட் மெஷின், லிஃப்ட் என்று வளர்ந்த கடை. ஆஷிகா மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சென்னையில் பெரிய டயர் டீலர் ஒருவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தவள். எந்த வண்டிக்கு எந்த ரிம், எந்த டயர் என்று சொல்வது இப்போது அவள் பொறுப்பு. லாரிக்காரர்கள்கூட அப்துல் மஜீதைத் தாண்டி அவளிடம்தான் வந்து கேட்பார்கள்.

சித்தீக்கின் கார் லிஃப்ட்டில் ஏறி நின்றது. கொச்சியில் ஒருவரிடமிருந்து வாங்கிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட்டு, தரையை நக்கும் உயரம், தெருவில் போனால் மூன்று தெருவுக்குச் சத்தம். வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் அதிர்கிறதாம், அதற்காக வந்திருந்தான். கடையின் பழைய ஆளான சதீஷ் இடது முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஆஷிகாவைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க பாரு. உள்பக்கம் எலுமிச்சம்பழமாட்டம் வீங்கியிருக்கு. உள்ள நூலு அறுந்துபோச்சு."

ஆஷிகா டார்ச் அடித்துப் பார்த்தாள். டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருடமும் நாலு எண்களாக அச்சாகியிருக்கும். நாலு டயருக்கும் எட்டு வயது முடிந்திருந்தது. ரோட்டைப் பிடிக்கிற பட்டன் இன்னும் ஆழமாகத்தான் இருந்தது; ஓடாமலேயே வயதானவை. பக்கவாட்டு ரப்பர் கோடை வயல் மாதிரி வெடித்துக் கிடந்தது.

"நாலுமே மாத்தணுங்க" என்றாள். "ரிம்மு இதே பதினெட்டு இஞ்சுலயே இருக்கட்டும். இருபதுக்குப் போனா ரப்பர் ரெண்டு விரல் உயரந்தான் நிக்கும். நன்னிலத்துலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை பாலம், எத்தனை பள்ளம். ஒரு தடவை விட்டீங்கன்னா ரிம்மு விரிஞ்சிடும். ஐப்பசி மழை வேற வரப்போவுது. ஈரத்துல நல்லா பிடிக்கிற டயரா ரெண்டு வகை இருக்கு, காட்டட்டுமா?"

சித்தீக் அவளைப் பார்க்கவே இல்லை. அப்துல் மஜீதின் பக்கம் திரும்பி, "மாமா, உங்க பொண்ணு நல்லா பேசுறாங்க" என்றான். மேடையில் பரிசு வாங்கிய சின்னப் பிள்ளையைப் பாராட்டுகிற தோரணை. அப்துல் மஜீது அதற்கும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஆஷிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவரில் இரண்டு செட் இருபது இஞ்ச் ரிம்கள் தொங்கின. ஒன்று கறுப்பு, ஒன்று தங்க நிறம். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனவை. சித்தீக் இரண்டையும் போட்டோ எடுத்து இணையத்தில் தன் பக்கத்தில் போட்டு, எதை மாட்டலாம் என்று ஊரைக் கேட்டான். ஐந்து நிமிடத்தில் முந்நூறு பேர் வாக்களித்தார்கள். அந்தக் காரின் அடிப்பக்கத்தைக் கண்ணால் கண்டிராத முந்நூறு பேர். தங்கம் ஜெயித்தது.

"இது வெளிய துருத்தும். திருப்பத்துல மட்கார்டுல உரசும்" என்றாள் ஆஷிகா.

"உரசுனா மட்கார்டை வெட்டிடலாம்."

டயரையும் அவன் அப்படித்தான் தேர்ந்தெடுத்தான். ஈரத்தில் எப்படி, சூட்டில் எப்படி, எத்தனை பாரம் தாங்கும் என்று ஒரு கேள்வி இல்லை. பக்கவாட்டில் எந்த டயருக்குப் பெரிய எழுத்து என்று பார்த்தான். "போட்டோல தெரியணும்ல" என்றான். சரி, அவன் கார், அவன் கழுத்து என்று ஆஷிகா விட்டுவிட்டாள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். பகட்டை ஒரு குற்றம் என்று சொல்லி மாப்பிள்ளையைத் தட்டிக் கழித்தால் இந்த ஜில்லாவில் ஒரு கல்யாணமும் நடக்காது.

சதீஷ் பழைய டயர்களைக் கழற்றித் தங்க ரிம்களையும் புது டயர்களையும் மாட்டி முடித்தார். பிறகு கடையில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "பழசை என்ன சார் செய்யட்டும்?"

"அம்மா வண்டிக்கு மாட்டிடுங்க. அதே சைஸ்தான். இப்ப வந்துடும்."

சதீஷ் காதில் விழாதவர் மாதிரி நின்றார். ஆஷிகாதான் கேட்டாள். "எந்த வண்டிக்கு?"

"அம்மா டயாலிசிஸுக்கு வர்ற வண்டிக்குங்க. அதுல டயரெல்லாம் மொழுமொழுன்னு தேஞ்சுபோச்சு. இதுல பட்டன் நல்லாத்தானே இருக்கு?"

"வீங்கியிருக்கறதைப் பாத்தீங்கள்ல? எல்லாம் வெடிச்சுக் கிடக்கு."

"அதைப் பின்னாடி போட்டுடுங்க. அம்மா என்ன நூத்தம்பதுலயா போகப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பெண் பார்க்க வந்தபோது அவளுக்குப் பிடித்திருந்த அதே சிரிப்பு.

சித்தீக்கின் அம்மா கமருன்னிஸாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் வந்து போகிறார். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல், பாதி தூரம் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டிய ரோடு. அந்த ரோட்டில் டயர் வெடித்தால் வண்டி எங்கே போய் விழும் என்று டயர் கடைப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டியும் வந்துவிட்டது. டிரைவர் காதர் மைதீன் கதவைத் திறந்துவிட, கமருன்னிஸா மெல்ல இறங்கினார். முகம் ஊதியிருந்தது. இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. ஆஷிகாவைப் பார்த்ததும் மலர்ந்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கன்னத்தைத் தொட்டார். சதீஷ் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகன் நிமிரவே இல்லை. தங்கச் சக்கரத்தைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆஷிகா அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "முடியாதுன்னு சொல்லுங்க அத்தா."

அப்துல் மஜீது தாடியைத் தடவினார். போன வருடம் பள்ளிக்கூட வேன்காரர் ஒருவர் வெடித்த டயரை மாட்டித்தரச் சொன்னபோது, "வேற கடையைப் பாருங்க" என்று கும்பிட்டு அனுப்பிய மனிதர் அவர். வேன்காரர் கெஞ்சியும் மசியவில்லை.

"போட்டுக் குடுத்துடுவோம்மா" என்றார் இப்போது. "நல்ல காரியம் பேசிட்டிருக்கறப்ப அவரு மனசு கோணக் கூடாது. கல்யாணம் முடியட்டும், நாமளே புதுசு நாலு மாத்திக் குடுத்துடலாம்."

"அதுவரைக்கும்?"

"அல்லா இருக்கான்."

அந்தப் பெயரை அந்த இடத்தில் அவர் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சித்தீக்கைப் பார்த்து வந்த அருவருப்பைவிட இது ஒருபடி மேலே போனது. அவன் யாரோ. இவர் அவளுக்கு டயரைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக் கற்றுக்கொடுத்தவர். அவர் சதீஷைப் பார்த்துத் தலையாட்ட, சதீஷ் வேண்டா வெறுப்பாக அம்மாவின் வண்டியை ஜாக்கில் ஏற்றி நாலு சக்கரத்தையும் கழற்றினார். ரிம்மிலிருந்து தேய்ந்த டயர்களையும் உருவிப் போட்டார்.

மாட்டத் தகாத டயரைப் பக்கவாட்டில் கீறிவிட்டுத்தான் வெளியே போடுவது அந்தக் கடையின் வழக்கம். இல்லாவிட்டால் யாராவது எடுத்துப்போய்ப் பாலிஷ் போட்டு இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த வழக்கத்தை வைத்தவர் அப்துல் மஜீதேதான். ஆஷிகா ரப்பர் அறுக்கும் கத்தியை எடுத்தாள். தண்ணீர் வாளியில் நனைத்தாள். எட்டு வயசு டயர்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய், முழங்கால் ஊன்றி, மேலே இருந்ததன் பக்கவாட்டில் கத்தியை இறக்கி அரை வட்டம் இழுத்தாள்.

"ஏய்! என்ன பண்றீங்க?" என்று சித்தீக் ஓடி வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பதவிசு அந்த ஒரு 'ஏய்'யில் உதிர்ந்து போயிற்று.

இரண்டாவதையும் கிழித்தாள். மூன்றாவதில் விளிம்பிலிருக்கும் எஃகுக் கம்பியில் கத்தி சிக்கி, விரலில் கீறியது. துடைத்துக்கொண்டு நாலாவதையும் முடித்தாள். அப்துல் மஜீது ஆஷிகா, ஆஷிகா என்று இரண்டு தரம் கூப்பிட்டாரே தவிரக் கிட்டே வரவில்லை.

வந்தது கமருன்னிஸாதான். மூச்சு வாங்க நடந்து வந்து கிழிந்த டயர்களைப் பார்த்தார். "என் புள்ள சாமானாச்சேம்மா. இப்படிப் பண்ணலாமா?" என்றார்.

"மாமி, இதை உங்க வண்டிக்கு மாட்டச் சொன்னாரு. வழியில வெடிச்சா உங்க உசுரு போயிடும்."

"எனக்குத் தெரியும்மா. போன் பண்ணிச் சொன்னான். எனக்கு என்ன, எது போட்டாலும் சரிதான். அவன் ஆசைப்பட்டு வாங்குன வண்டிக்கு நல்லதா போடட்டுமே."

நோயாளியின் மேல் அருவருப்புப் படுவது பாவம் என்று தெரிந்தும் ஆஷிகாவுக்கு அது வந்தது. ஒரு கவளம்கூடத் தன் தட்டில் நல்லதாக வைத்துக்கொள்ளாமல் ஊட்டி ஊட்டித்தானே இவனை இப்படி ஆக்கி வைத்திருக்கிறார் இந்த மனுஷி!

காதர் மைதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்றரை ஆகுது தம்பி. ரெண்டு மணிக்கு மெஷின்ல போடணும். லேட்டானா அடுத்த ஆளை ஏத்திடுவாங்க."

அம்மாவின் வண்டி சக்கரம் இல்லாமல் ஜாக்கில் நின்றது. மஞ்சள் கார் தயாராக நின்றது. "உங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஆஷிகா.

சித்தீக் தன் காருக்குள் எட்டிப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். "வெள்ளை லெதருங்க அது. குத்தின எடத்துல ரத்தம் கசிஞ்சா அப்புறம் போகவே போகாது. ஆட்டோ புடிச்சுத் தர்றேன்."

அதை அவன் ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஆமாம்மா, கறை பட்டுடும்" என்றார் கமருன்னிஸா, மகனை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில். "எனக்கு ஆட்டோவே போதும்."

ஆஷிகா கடையின் சின்ன வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். "சதீஷண்ணே, அந்த வண்டிக்குப் புது டயரைத் தவிர வேற எதையும் மாட்டாதீங்க. வாங்கலைன்னா இங்கேயே நிக்கட்டும்." சதீஷ் முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே சரி என்றார். அப்துல் மஜீது குனிந்து கிழிந்த டயர்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார்.

வேனில் கமருன்னிஸா முன் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், "கோவத்தை மனசுல வச்சுக்காதேம்மா" என்றார். "சின்ன வயசுலேர்ந்தே அப்படி வளந்துட்டான். நீ வந்தா மாறிடுவான்."

"நான் வர மாட்டேன் மாமி. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். எனக்குச் சம்மதம் இல்லை."

ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி ஆஷிகா கதவைத் திறந்துவிட்டாள். இறங்கித் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்ட கமருன்னிஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்று, உப்பிப்போன கை.

"எனக்கு ஒரு மக இருந்து, இப்படி ஒருத்தன் கேட்டு வந்திருந்தா, நானும் குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

ஆஷிகாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைத் துடைப்பதற்குள் கமருன்னிஸா உள்ளே இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பதற்றமாக இருந்தார்.

"நான் இப்படிச் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிடாதேம்மா. பாவம், வருத்தப்படுவான்."