கட்டுவிரியன் பக்கம்

டெலிட் ஆவ மாட்டேங்குது வித்யாக்கா. அம்மா போன்ல அந்த மெசேஜ அழுத்திப் புடிச்சா 'எனக்கு மட்டும் நீக்கு'ன்னுதான் வருது. சார்லஸ் அண்ணன் போன்ல அப்படியேதான் இருக்கும். அம்மாவும் ஏற்கெனவே பாத்துட்டாங்க. அப்பறம் எதுக்கு அழிக்கப் பாத்தேன்னு எனக்கே தெரியல. அவசரமா அடிக்கிறேன், தப்பா இருந்தா நீயே சரியாப் படிச்சிக்க.

உனக்கு பாதிதான் தெரியும். அம்மாவோட பாம்பு புக்குல ரெண்டு படம் மாறிப்போச்சு, அத நம்பி நெல்லிக்குப்பத்துல ஒரு பொண்ணு கடி வாங்கிடுச்சு, அதானே கேள்விப்பட்ட? கடலூர்ல பிரஸ் வச்சிருக்குற சார்லஸ் அண்ணன்தான் அம்மா புக்கெல்லாம் போடுறவரு. கட்டுவிரியன் எடத்துல வெள்ளிக்கோல் வரையனையும், அது எடத்துல கட்டுவிரியனையும் வச்சிட்டாரு. ரெண்டும் கருப்புல வெள்ளைப் பட்டை. வரையன் கடிச்சா ஒண்ணும் ஆவாது, கட்டுவிரியன் ஆளையே முடிச்சிடும். அச்சடிக்கறதுக்கு முன்னாடி சரிபாக்குற கடைசி ப்ரூஃப் வாட்ஸ்அப்ல வந்துச்சு. "மெஷின் நிக்குது டீச்சர், பாத்து சொல்லுங்க"ன்னு மூணு தடவ கேட்டாரு. அம்மா நூத்திமூணு காய்ச்சல்ல தூங்கிட்டு இருந்தாங்க. நான் ஃபைல தொறக்கவே இல்ல. அம்மா போன்லேந்து "ஓகே"ன்னு அனுப்பிட்டேன். எழுப்ப வேணாமேன்னுதான்.

அதுவும் பொய்க்கா. அந்தப் பாம்புங்கள இன்னொரு தடவ பாக்க எனக்குப் புடிக்கல. கண்ணால பாக்காத எதையும் அம்மா எழுத மாட்டாங்க. அதனால ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழமையெல்லாம் பாம்பு புடிக்கிற ஆண்டி மாமாவோட கரும்புக் கொல்லையிலதான். என் பர்த்டே அன்னிக்கும் அம்மா அங்கதான்.

ஸ்கூல்ல பாடம் எடுக்குறது போவ மிச்ச நேரத்துல இருபது வருஷமா எழுதுறாங்க. எறும்பு, உப்பளம், நண்டுன்னு ஒன்பது புக்கு. இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்புட்டா நன்றியுரை சொல்ல மட்டுந்தான். ஒருத்தரு மேடையிலயே கேட்டாரு, "கொழந்தைங்களுக்கு எழுதுனது போதும், எப்பம்மா பெருசா எழுதப் போறீங்க?" அம்மா சிரிச்சிட்டு, "கொழந்தைங்க பெருசானதும் சார்"ன்னாங்க. இப்ப அவரும் ஃபேஸ்புக்ல இந்தத் தப்பப் பத்தி அம்மா பேர இனிஷியலோட போட்டிருக்காரு. இருபது வருஷத்துல மொத தடவயா.

அந்தப் பொண்ணு தில்லைநாயகி, நாலாவது படிக்கிறா. வீட்டுக்குள்ள வந்த பாம்ப அவங்கப்பா அடிக்கப் போயிருக்காரு. "இதுக்கு விஷமில்லப்பா, புக்குல போட்டிருக்கு, அடிக்காத"ன்னு குறுக்க போயி, தொடப்பத்தால வெளிய தள்ளப் பாத்திருக்கா. அம்மா எழுதுனத அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆளு அவதான்க்கா. ஆறு நாள் வெண்டிலேட்டர்ல இருந்தா. நேத்துதான் எடுத்தாங்க. பொழச்சிக்கிட்டா.

இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவங்கப்பா கத்துவாருன்னு பயந்தேன். கத்தல. புக்க அம்மா கையில குடுத்து, "நீங்களே வச்சிக்கங்க டீச்சர்"ன்னாரு. அவ்ளோதான்.

வராண்டாவுல சார்லஸ் அண்ணன் அழுதாரு. "படத்த மாத்துனது நான்தான் டீச்சர், என்னத் திட்டுங்க."

"மாறிப்போறது சகஜம் சார்லஸ். பாக்குறது என் வேலை. காய்ச்சல்ல பாக்காம ஓகே போட்டிருக்கேன், போட்டதே ஞாபகம் இல்ல" அப்படின்னாங்க. அப்பறம் மெதுவா, "என் கையால ஆச்சே, அது வரைக்கும் நல்லது. வேற யாராச்சும் பாக்காம அனுப்பியிருந்தா, ஜென்மத்துக்கும் அவங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்"ன்னாங்க.

நான் கஞ்சி ஃபிளாஸ்க்க புடிச்சிட்டு பக்கத்துலயேதான் நின்னேன்.

சிதம்பரத்துல நம்ம வீட்டுக்கு வந்ததும் அம்மா லெட்டர் எழுதிட்டாங்க. ஒன்பது புக்கையும் நிறுத்திடணுமாம், இனிமே எழுத மாட்டாங்களாம். "ஞாபகமே இல்லாம கை வேலை செய்யுதுன்னா, அந்தக் கை கொழந்தைங்களுக்கு எழுதக் கூடாது"ன்னாங்க. பாதி எழுதுன தவளை புக்க கட்டி பீரோ மேல போட்டாச்சு. காலையில ஏழு மணிக்கு சார்லஸ் அண்ணன் லெட்டர வாங்க வர்றாரு.

நான் சொல்லிட்டா அம்மா மறுபடி எழுதுவாங்க, ஆனா என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. சொல்லலன்னா நான் இருப்பேன், எழுத்து இருக்காது. இந்த ரெண்டுல எது இல்லாம அம்மாவால இருக்க முடியும்க்கா?