எடிட்டரில் இல்லாத பெயர்

2003-ஆம் வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பு, லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் இருந்த குமாஸ்தா வைத்திலிங்கம் இடது காதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனார். மனைவி வினோதா அவர் பெயரைச் சொல்வதில்லை என்பதுதான் காரணம். அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்தான் சொன்னாள்? 'ஏங்க' என்றால் திரும்பிப் பார்க்க வேண்டியது, 'அஜித் அப்பா' என்றால் சாப்பிட வர வேண்டியது. அதற்குமேல் ஒரு புருஷனுக்குப் பெயர் எதற்கு என்று அவருமே கேட்டதில்லை.

வினோதா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்தாள். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைக் கட்டுரைகளில் தலைப்புக்கு ஒரு குறி, எழுதியவர் பெயருக்கு ஒரு குறி, அடிக்குறிப்புக்கு ஒரு குறி என்று முன்னும் பின்னும் போட்டு, ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். மகன் அஜித்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். சாதாரண அலுப்பு இல்லை அது. தலை வாரச் சீப்பைத் தூக்கினால் கை பாதியில் இறங்கிவிடும்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், எழுதவும் திருத்தவும் உதவும் எடிட்டர் என்ற பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. லிஸ்ப் என்ற மொழியில் எழுதினால் அதை நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளலாம் என்று கூடவே இருந்த விளக்கம் சொன்னது. கைவலி மிச்சமாகட்டும் என்றுதான் வினோதா அதைக் கற்றாள், ஆசையால் அல்ல. ஒரே விசையைத் தட்டினால் முன்குறியும் பின்குறியும் சேர்ந்து விழும்படி முதலில் எழுதினாள். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டு, மதியம் முழுக்க மிஷினிடம் ஏச்சு வாங்கினாள். பிறகு எழுதியவர் பெயர்களை எடிட்டரே தேடிப் பிடிக்கும்படி செய்தாள். ஆடி முடிவதற்குள் பாதி வேலையை அதுவே பார்த்தது, கைவலியும் போய்விட்டது. லிஸ்ப் நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த எடிட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவ்வப்போது கொஞ்சம் நின்று, திரையின் கடைசி வரியில் குப்பை அள்ளுவதாக அறிவிக்கும், அள்ளியதும் ஆயிற்று என்று சொல்லும். தன்னிடம் எழுதி வைத்த எந்தப் பெயரும் பிடித்து வைத்திராதது எல்லாம் குப்பை என்பது லிஸ்பின் கணக்கு. வினோதாவின் எடிட்டர் வீட்டையும் சேர்த்தே அள்ளியது. முதலில் ஜோடியில்லாத செருப்பு போயிற்று. அடுத்து கம்பி முறிந்த குடை, பிறகு பிரான்சிலிருந்து பெரியப்பா கொண்டுவந்து யாருமே தொடாத காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின். பெருக்குகிற வேலை குறைந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஒரு லீவு நாள் மதியம், தூங்கிக்கொண்டிருந்த அஜித்தின் சுண்டுவிரல் வழியாகப் பாயின் கோடு அவள் கண்ணில் பட்டது. ஓடிப்போய், எடிட்டர் திறந்தவுடன் படிக்கும் பக்கத்தில் அவன் பெயரை எழுதினாள். விரல் திரும்பி வந்தது. பிறகு குக்கர், ரேஷன் கார்டு, ஸ்கூட்டர், கொல்லையில் நின்ற முருங்கை மரம் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். புருஷனிடம் வந்தபோது விரல் நின்றது. 'அவர்' என்று அடித்தாள். அப்படி யாரையும் தெரியாது என்று லிஸ்ப் சொல்லிவிட்டது. அலுத்துப்போய் அந்த வரியை அழித்தாள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

காது போயிற்று, பிறகு தோள். "ஆபீஸ்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கையெழுத்துப் போட கை இருந்தா போதுமாம்," என்றார் வைத்திலிங்கம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், ஸ்கூட்டரில் வெறும் சட்டை போவதைப் பார்த்துவிட்டு, "அஜித் அப்பா ரொம்ப எளைச்சிட்டாரு, முட்டை குடு," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியில் பனியன் மட்டும் இருந்தது. "இந்தா, காப்பி ஆறிப்போச்சி. டம்ளரத் தூக்க முடியல," என்றது குரல். வினோதாவுக்கு மணிக்கட்டு வலி வந்த நாளிலிருந்து வீட்டுத் துணி அத்தனையும் பிழிந்து காயப்போட்ட மனுஷன் அவர். சண்டை போடக்கூடத் தெரியாதவர். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. திரையில் கடைசி வரி குப்பை அள்ளத் தொடங்கியிருந்தது. அவள் அவர் பெயரை எடிட்டரில் அடித்துக்கொண்டே கத்தினாள்: "வைத்திலிங்கம்! வைத்திலிங்கம்! எங்கயும் போவாதீங்க!"

வந்துவிட்டார். காதுதான் கடைசியாக வந்தது. ஒரு குமாஸ்தா கரைந்து திரும்பியதைத் தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சந்தி சிரிக்கப் புருஷன் பேரக் கூவுனியாமே?" என்று கேட்கத்தான் கன்னியம்மாள் வந்தாள். தை பிறக்கும்வரை அதையே பேசினார்கள்.

திரும்பி வந்த கையோடு வைத்திலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை மேலிருந்து கீழே படித்தார். "குக்கர் இருக்கு. முருங்கமரம் இருக்கு. உன் பேரு எங்க?"

வினோதா யோசித்தாள். "கொஞ்ச நாளா கண்ணாடியில என் பொடவ மட்டுந்தான் தெரியுது. அலுப்புன்னு நெனச்சேன்," என்றாள். ரவிக்கைக் கைக்குக் கீழே பார்த்தார்கள். முழங்கைக்கும் விரல்களுக்கும் நடுவே ஒன்றுமில்லை. வலி போனது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்று மட்டுமே கூப்பிட்டவர், ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். அடித்து முடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல, "வினோதா," என்று படித்தார்.

மணிக்கட்டு இரண்டும் ஒரே சமயத்தில் தெறித்தன. பட்ட வலி எல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது. "வலிக்குதுங்க," என்றாள் அவள், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே. "போய்ப் படு," என்று சொல்லிவிட்டு, அவர் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். வினோதா படுத்துத் தூங்கினாள். எடிட்டர் குப்பை அள்ளி முடித்து, ஆயிற்று என்று சொன்னது. வீட்டில் எதுவும் குறையவில்லை.